எலும்புக்குப் பரவியிருந்தா ஸ்கேன்ல தெரிஞ்சிருமா?

"பாப்பா, எலும்புக்குப் பரவியிருந்தா ஸ்கேன்ல தெரிஞ்சிருமா?" என்று அக்கா என்னைக் கேட்டது ராத்திரி இரண்டரை மணிக்கு. மதுரைப் பக்கம் திருமங்கலத்தில் அவள் வீட்டு மொட்டை மாடியில் பாய் விரித்துப் படுத்திருந்தோம். மார்பகப் புற்றுநோய்க்கு ஆபரேஷன், கீமோ, கரண்ட் வைப்பது என்கிற கதிர்வீச்சு சிகிச்சை எல்லாம் முடிந்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. வலது பக்க விலாவில் ஒரு வலி வந்து மூன்று வாரமாகப் போகவில்லை. யாரிடமும் அவள் சொல்லவில்லை, மாமாவிடம்கூட. அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை. "அதெல்லாம் ஒண்ணும் இருக்காதுக்கா, தூங்கு" என்றேன். அவள் தூங்கவில்லை என்பது எனக்குத் தெரியும், நான் தூங்கவில்லை என்பது அவளுக்கும் தெரியும்.

அதற்கப்புறம் டாக்டர்களிடமும் ஸ்கேன் எடுக்கிறவர்களிடமும் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை. ஆனால் இதே கேள்வியோடு முழித்துக்கொண்டு படுத்திருக்கிற ஒரு வீட்டுக்கு, விடிந்ததும் என்ன செய்யலாம் என்று என்னால் சொல்ல முடியும்.

நேரான பதில் இதுதான்: பெரும்பாலும் தெரியும். ஆனால் எந்த ஸ்கேன், எந்த வகைப் புற்றுநோய், எந்த எலும்பு, எவ்வளவு பெரிய இடம் என்பதைப் பொறுத்துத்தான் தெரியும். எல்லாவற்றையும் பார்த்துவிடுகிற ஒரே ஸ்கேன் என்று எதுவும் இல்லை. ஒவ்வொரு ஸ்கேனும் ஒரு கேள்விக்குத்தான் பதில் சொல்லும், அதனால் சரியான கேள்வியை டாக்டர் கேட்கிற மாதிரி உங்கள் வலியைப் பற்றிய விவரத்தை நீங்கள் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். பாதி வேலை அங்கேதான் இருக்கிறது.

அதனால் ஸ்கேனுக்கு முன்னால் வலியை எழுதி வையுங்கள். அக்கா தினசரிக் காலண்டர் தாளைக் கிழித்து அதன் பின்பக்கம் எழுதினாள், தேதி ஏற்கெனவே அச்சிலே இருப்பதால் அது வசதி. எங்கே வலிக்கிறது, ஒரு விரலால் தொட்டுக் காட்ட முடிகிறதா இல்லை பரவலாக இருக்கிறதா, எப்போது அதிகம், படுத்தால் குறைகிறதா கூடுகிறதா, என்ன மாத்திரை போட்டீர்கள், எத்தனை மணி நேரம் கேட்டது. இவ்வளவுதான். பத்து நாள் தாள் சேர்ந்தால் போதும், "ரொம்ப வலிக்குது சார்" என்று சொல்வதைவிட அது ஆயிரம் மடங்கு உதவும். வேலை செய்தால் கூடி, ஓய்வெடுத்தால் குறைந்து, நாளாக நாளாக இறங்கிக்கொண்டே போகிற வலி பெரும்பாலும் தசை, மூட்டு சம்பந்தப்பட்டது. ஓய்வெடுத்தாலும் விடாமல், ராத்திரியில் அதிகமாகி, வாரத்துக்கு வாரம் ஏறிக்கொண்டே போகிற வலிதான் சீக்கிரம் காட்ட வேண்டிய வலி. இன்னொன்று, மார்பகப் புற்றுநோய்க்குத் தருகிற லெட்ரோசோல், அனாஸ்ட்ரோசோல் மாத்திரைகளே பலருக்குக் கை, முட்டி, இடுப்பு மூட்டுகளில் வலி கொண்டுவரும். கீமோ சமயத்தில் வெள்ளணு ஏறுவதற்குப் போடுகிற ஊசியும் எலும்பைக் குடைகிற மாதிரி வலி தரும். எனவே சாப்பிடுகிற மாத்திரைகளையும், போட்ட ஊசிகளையும் அதே தாளில் எழுதுங்கள்.

இங்கே ஒரு விஷயத்தை மட்டும் உரக்கச் சொல்ல வேண்டும். புற்றுநோய் வந்த ஒருவருக்கு முதுகு வலியோடு காலில் பலம் குறைந்தால், நடக்கும்போது கால் மடங்கினால், இடுப்புக்குக் கீழே அல்லது தொடையிடுக்கில் மரத்துப்போனால், சிறுநீர் வராமல் அடைத்தால், அல்லது தானாகப் போனால், அப்போது காலண்டர் தாள் வேண்டாம், ஓபி நாள் வரட்டும் என்று காத்திருக்கவும் வேண்டாம், அன்றைக்கே, ராத்திரியானாலும், அவசரப் பிரிவுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். முதுகெலும்பில் வந்தது தண்டுவடத்தை நெரிக்கிறதா என்று எம்ஆர்ஐ எடுத்துப் பார்ப்பார்கள். சிகிச்சை தொடங்கும்போது நடக்க முடிகிறவர்கள்தான் பிறகும் நடக்கும் வாய்ப்பு அதிகம், ஒரு நாள் தாமதம்கூட இதில் பெரிய விஷயம். அதேபோல அடங்காத தாகம், வாந்தி, மலச்சிக்கல், ஆள் ஒரு மாதிரி குழம்பிப் பேசுவது எல்லாம் சேர்ந்து வந்தால் ரத்தத்தில் கால்சியம் ஏறியிருக்கலாம், அதற்கும் அன்றைக்கே போக வேண்டும்.

சரி, இப்போது எந்த ஸ்கேன் எதைப் பார்க்கும்?

சாதாரண எக்ஸ்ரேயை நம்பி நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். ஒரு இடத்தில் எலும்பின் சுண்ணாம்புச் சத்து மூன்றில் ஒரு பங்கு முதல் பாதிவரை கரைந்த பிறகுதான் அதில் பளிச்சென்று தெரியும். எக்ஸ்ரே சுத்தமாக இருக்கிறது என்றால் எலும்பு ஒடியவில்லை, பெரிய ஓட்டை இல்லை, அவ்வளவுதான் அர்த்தம்.

எலும்பு ஸ்கேன், அதாவது எல்லோரும் போன் ஸ்கேன் என்று சொல்கிறது, வேறு வகை. டெக்னீசியம் என்ற கதிரியக்கப் பொருளை ஒரு பாஸ்பேட் மருந்தோடு சேர்த்துக் கை நரம்பில் போடுவார்கள். எங்கெல்லாம் எலும்பு புதிதாகக் கட்டிக்கொண்டிருக்கிறதோ அங்கே அந்த மருந்து போய் ஒட்டிக்கொள்ளும், காமா கேமராவில் அந்த இடம் கறுப்பாகத் தெரியும். இதைப் புரிந்துகொள்ள எனக்கு ரொம்ப நாள் ஆனது. அந்த ஸ்கேன் புற்றுநோயைப் பார்ப்பதில்லை, அதற்கு எலும்பு கொடுக்கிற பதிலைத்தான் பார்க்கிறது. ஊரில் எந்தெந்த வீட்டில் கொத்தனார் வேலை நடக்கிறது என்று மேலே நின்று எண்ணுகிற மாதிரி. வேலை ஏன் நடக்கிறது, சுவர் இடிந்ததாலா, மாடி கட்டுவதாலா என்று அது சொல்லாது. பழைய எலும்பு முறிவு, மூட்டுத் தேய்மானம், சீழ் பிடித்த பல், ஆபரேஷன் செய்த முட்டி எல்லாமே கறுப்பாகத்தான் தெரியும். வீடு இடிந்தும் கொத்தனாரே வராத இடம் என்றும் உண்டு. மல்டிபிள் மைலோமா என்ற மஜ்ஜைப் புற்றுநோய் போன்றவை எலும்பை அரிக்கும், எலும்பு திருப்பிக் கட்டாது, அதனால் போன் ஸ்கேனில் தெரியாமலே போய்விடலாம். சிறுநீரகம், தைராய்டு புற்றுநோய் எலும்புக்கு வந்தாலும் சில சமயம் இப்படித்தான். ஆனால் மார்பகம், பிராஸ்டேட் இரண்டுக்கும், தலை முதல் கால்வரை ஒரே தடவையில் சல்லடை போட்டுப் பார்க்க இது நல்ல ஸ்கேன். எலும்புக்குப் பரவுவது பெரும்பாலும் முதுகெலும்பு, இடுப்பு, விலா, தொடை எலும்பின் மேல்பகுதி, மண்டை ஓடு என்று உடம்பின் நடுப்பகுதியிலேயே இருக்கும், முழங்கைக்கும் முட்டிக்கும் கீழே வருவது அபூர்வம்.

சிடி ஸ்கேன் எலும்பின் கட்டுமானத்தை நுணுக்கமாகக் காட்டும். போன் ஸ்கேனில் ஒரு புள்ளி சந்தேகமாக இருந்தால் அந்த இடத்துக்கு மட்டும் சிடி எடுத்து, முறிவா அரிப்பா என்று பார்ப்பார்கள். எலும்பு ஒடிகிற நிலையில் இருக்கிறதா என்பதும் அதில் தெரியும். எம்ஆர்ஐ எலும்புக்குள் இருக்கிற மஜ்ஜையைப் பார்க்கும், புற்றுநோய் முதலில் வந்து உட்காருவது அங்கேதான், எனவே எலும்பின் வெளிச்சுவர் கெடுவதற்கு முன்பே எம்ஆர்ஐ காட்டிவிடும், கதிர்வீச்சும் கிடையாது. முதுகெலும்பு என்றால் இதற்கு நிகர் இல்லை. பெட் சிடி என்பது சர்க்கரை மாதிரியான ஒரு கதிரியக்க மருந்தைப் போட்டு, எந்த இடம் அதை அதிகமாக இழுக்கிறது என்று பார்ப்பது. எலும்போடு நுரையீரல், கல்லீரல், நெறிக்கட்டி எல்லாம் சேர்ந்து தெரியும். பிராஸ்டேட் புற்றுநோய் சர்க்கரையை அவ்வளவாக இழுக்காது என்பதால் அதற்குப் பிஎஸ்எம்ஏ பெட் என்று தனியாக ஒன்று இருக்கிறது, அப்பா, மாமாவுக்கு எழுதிக்கொடுத்தால் சீட்டில் எந்தப் பெட் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

தயாராகிற வேலை. போன் ஸ்கேனுக்குப் பட்டினி கிடக்க வேண்டாம். ஊசி போட்ட பிறகு இரண்டு முதல் நான்கு மணி நேரம் காத்திருக்கச் சொல்வார்கள், மருந்து எலும்பில் போய்ச் சேர நேரம் வேண்டும். அந்த நேரத்தில் நிறையத் தண்ணீர் குடித்துவிட்டு அடிக்கடி சிறுநீர் கழிக்க வேண்டும், மேசையில் படுக்கும் முன் கடைசியாக ஒரு தடவை கட்டாயம் போக வேண்டும், சிறுநீர்ப்பை நிறைந்திருந்தால் இடுப்பெலும்பு சரியாகத் தெரியாது. துணியில் ஒரு சொட்டு பட்டால்கூட அது படத்தில் கறுப்புப் புள்ளியாக விழுந்து வீண் பயத்தைக் கிளப்பும், வயதானவர்களுக்கு மாற்றுத்துணி ஒன்று கொண்டுபோங்கள். டெக்னீசியம் ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை பாதியாகக் குறையும், அடுத்த நாளுக்குள் மிகக் கொஞ்சம்தான் மிச்சம் இருக்கும். அன்று ஒரு நாள் மட்டும் கைக்குழந்தையை மடியில் வைத்துக்கொள்ளாமல், கர்ப்பிணிகளிடம் ஒட்டி உட்காராமல் இருந்தால் போதும். ஸ்கேனுக்குப் போகிறவரே கர்ப்பமாக இருக்கலாம் என்றாலோ, பால் கொடுக்கிறவர் என்றாலோ, ஊசிக்கு முன்பே சொல்லிவிட வேண்டும்.

பெட் சிடிக்கு ஆறு மணி நேரமாவது வெறும் வயிறு வேண்டும். தண்ணீர் மட்டும் குடிக்கலாம், சர்க்கரை போடாத டீகூட வேண்டாம். முதல் நாள் கடினமான வேலை கூடாது, தசை அந்த மருந்தை இழுத்துக்கொள்ளும், எனவே களைவெட்டு, தண்ணீர்க்குடம் எல்லாம் அன்றைக்கு வேறு யாராவது பார்க்கட்டும். சர்க்கரை நோய் இருந்தால் அப்பாயின்ட்மென்ட் வாங்கும்போதே சொல்லி, எந்த மாத்திரையை, எந்த இன்சுலினை எப்போது நிறுத்துவது என்று கேளுங்கள். நீங்களாக நிறுத்தாதீர்கள், நீங்களாகப் போட்டுக்கொள்ளவும் செய்யாதீர்கள், சர்க்கரை 200ஐத் தாண்டினால் பல இடங்களில் ஸ்கேனைத் தள்ளிவைத்து விடுவார்கள். ஒரு சால்வை கொண்டுபோங்கள், ஏசி அறையில் குளிரில் நடுங்கினால் கழுத்துப் பக்கத்துக் கொழுப்பு மருந்தை இழுத்துப் படத்தைக் குழப்பும். அப்புறம் நேரம். அந்த மருந்து 110 நிமிடத்தில் பாதியாகிவிடும், உங்கள் பெயருக்கு வாங்கி வைத்ததை நாளைக்கு என்று எடுத்துவைக்க முடியாது. உசிலம்பட்டி, பேரையூர், மேலூர்ப் பக்கமிருந்து வருகிறவர்கள் முதல் பஸ்ஸைப் பிடித்துவிடுங்கள். சித்திரைத் திருவிழாவில் எதிர்சேவை நாளும், அழகர் ஆற்றில் இறங்குகிற நாளும் தல்லாகுளம், கோரிப்பாளையம் பக்கம் எதுவும் நகராது, அந்த இரண்டு நாளில் மட்டும் தேதி வாங்காதீர்கள்.

எம்ஆர்ஐ என்றால் உலோகம் எதுவும் உடம்பில் இருக்கக் கூடாது. நம் வீட்டுப் பெண்களுக்குத் தாலியைக் கழற்றச் சொன்னால் அங்கேயே முகம் வாடிவிடும். அக்காவுக்கு அப்படித்தான் ஆனது, கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு நின்றுவிட்டாள், டெக்னீஷியன் பெண்ணும் பாவம் என்ன செய்வாள். அடுத்த தடவை முதல் நாளே வீட்டில் சாமி முன்னால் வைத்துக் கழற்றி, மஞ்சள் கிழங்கு கட்டிய கயிற்றை மாமா கையால் போட்டுக்கொண்டு வந்தாள், அதோடு உள்ளே போக ஒரு தடையும் இல்லை. பேஸ்மேக்கர், காதுக்குள் வைத்த கருவி, பழைய ஆபரேஷனில் வைத்த கம்பி இருந்தால் முன்கூட்டியே சொல்ல வேண்டும். குழாய்க்குள் மூச்சு முட்டும் என்று பயப்படுகிறவர்கள் அதை வெளியே சொல்லுங்கள், வெட்கம் ஒன்றும் இல்லை.

பணம் கட்டும் முன் ஒரு வார்த்தை கேளுங்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்தால், உங்களுக்கு எழுதிக்கொடுத்த ஸ்கேன் அதில் வருமா, எந்த மையத்தில் வரும் என்று பெரியாஸ்பத்திரியில் உள்ள காப்பீட்டுப் பிரிவில் விசாரித்துவிட்டுத்தான் மற்ற இடத்துக்குப் போக வேண்டும். ரேஷன் கார்டு, ஆதார், டாக்டர் சீட்டு, பழைய ரிப்போர்ட் எல்லாவற்றுக்கும் இரண்டு நகல் கையில் இருக்கட்டும்.

ஸ்கேன் மேசையில் ஏறும் முன் "எங்கேயாவது விழுந்தீங்களாம்மா?" என்று கேட்பார்கள். இதற்கு அவசரப்பட்டு இல்லை என்று சொல்லாதீர்கள். அக்கா இல்லை என்றாள். சனிக்கிழமை சாயங்காலம் ஒரு ஸ்கேன் சென்டரில் ரிப்போர்ட்டைக் கவரில் போட்டுக் கொடுத்தார்கள், ஒரு வார்த்தை சொல்ல அங்கே ஆள் இல்லை, டாக்டரைப் பார்க்க செவ்வாய்க்கிழமைதான் முடியும். ராத்திரி எல்லோரும் சேர்ந்து போனில் வார்த்தை வார்த்தையாகத் தேடினோம். வலது ஏழாவது விலாவில் அப்டேக் என்று இருந்தது, அப்டேக் என்றாலே புற்றுநோய் என்று நாங்கள் நினைத்துவிட்டோம். மாமா எழுந்து போய் வாசலில் உட்கார்ந்தவர் விடியும்வரை உள்ளே வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சோறு போட்டுக்கொண்டிருந்தபோது அக்கா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "பாப்பா, கோயில் கொடைக்கு ஊருக்குப் போனப்ப மாட்டுத்தொட்டி விளிம்புல வழுக்கி இடிச்சேனே, அது இந்தப் பக்கந்தானே?" என்றாள். இரண்டு மாதம் ஆகியிருந்தது, எங்கள் எல்லோருக்கும் மறந்தே போயிருந்தது. செவ்வாய்க்கிழமை டாக்டரிடம் அதைச் சொன்னோம், அந்த இடத்துக்கு மட்டும் சிடி எடுத்தார்கள், ஆறி ஒட்டிக்கொண்டிருக்கிற ஒரு முறிவுக் கோடு தெரிந்தது. விலா முறிவு பல மாதம்வரை போன் ஸ்கேனில் கறுப்பாகவே காட்டுமாம். எல்லோருக்கும் இப்படி முடியாது, அது எனக்குத் தெரியும். ஆனால் கடந்த ஒரு வருடத்தில் விழுந்தது, இடித்தது, பல் பிடுங்கியது, வண்டியில் சறுக்கியது என்று ஒரு பட்டியலை வீட்டில் நாலு பேராக உட்கார்ந்து எழுதிக்கொண்டு போனால், நாங்கள் பட்ட மூன்று நாள் உங்களுக்கு மிச்சம்.

ரிப்போர்ட் வாசிக்கத்தான் செய்வீர்கள், வாசிக்காதீர்கள் என்று சொல்லிப் பயனில்லை, எனவே சில வார்த்தைகள். அப்டேக் என்றால் மருந்து அந்த இடத்தில் சேர்ந்திருக்கிறது, அவ்வளவே. டிஜெனரேடிவ் என்றால் தேய்மானம். போன் ஐலண்ட், முதுகெலும்பில் ஹீமாஞ்சியோமா என்று எழுதியிருந்தால் அவை பெரும்பாலும் சும்மா கிடக்கிற, ஆபத்தில்லாத விஷயங்கள். லைட்டிக் என்றால் எலும்பு கரைந்த இடம், ஸ்கிளிரோடிக் என்றால் எலும்பு தடித்த இடம். இன்டிடர்மினேட் என்றால் இந்தப் படத்தை மட்டும் வைத்து இப்படி அப்படி என்று சொல்ல முடியவில்லை என்று பொருள், அதை யாரும் மறைத்துப் பேசுவதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அப்படி வந்தால் வேறு ஸ்கேன், இல்லை சில மாதம் கழித்து அதே ஸ்கேன், இல்லை ஊசி வைத்துச் சதை எடுத்துப் பார்க்கிற பயாப்ஸி, இந்த மூன்றில் ஒன்று. உறுதியாகச் சொல்ல வல்லது பயாப்ஸிதான்.

ஏற்கெனவே எலும்புக்குப் பரவி சிகிச்சை எடுக்கிறவர்கள் ஒன்று தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். மருந்து தொடங்கிய முதல் சில மாதங்களில் போன் ஸ்கேன் முன்பைவிட மோசமாகத் தெரியலாம், புதுப் புள்ளிகள்கூட வரலாம். மருந்து கேட்டு எலும்பு ஆறத் தொடங்கினாலும் அங்கே கொத்தனார் வேலை அதிகமாகத்தானே நடக்கும். இதை ஃப்ளேர் என்பார்கள். வலி குறைந்திருக்கிறது, ரத்த டெஸ்ட் நன்றாக இருக்கிறது, ஸ்கேன் மட்டும் மோசம் என்றால், "இது ஃப்ளேரா இருக்குமா சார்?" என்று கேளுங்கள்.

எதற்கு இந்தக் கவலை, வருடத்துக்கு ஒரு தடவை முழு உடம்பு ஸ்கேன் எடுத்துவிட்டால் என்ன என்று நானும் கேட்டேன். ஆரம்ப நிலையிலேயே கண்டுபிடித்துச் சிகிச்சை முடித்த மார்பகப் புற்றுநோய்க்காரர்களுக்கு, எந்தத் தொந்தரவும் இல்லாதபோது அப்படி எடுத்துக்கொண்டே இருக்க வேண்டாம் என்றுதான் டாக்டர்கள் சொல்கிறார்கள். அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர் சங்கமும் 2012இல் இதை வெளிப்படையாகவே சொன்னது. காரணம் பணம் மட்டும் இல்லை. சந்தேகப் புள்ளி ஒன்று கிளம்பி, அதற்கு இன்னொரு ஸ்கேன், அதற்கு ஒரு பயாப்ஸி என்று ஆரோக்கியமாக இருக்கிற ஆளைப் போட்டு அலைக்கழிக்கும், அதனால் ஆயுள் கூடுவதாகவும் தெரியவில்லை. அறிகுறி வந்தால் அன்றைக்கு எடுப்பதுதான் பிரயோஜனம். எனக்கு இது முதலில் மனசுக்கு ஒப்பவில்லை, அந்தச் சனிக்கிழமை ராத்திரிக்கு அப்புறம் ஒத்துக்கொண்டேன்.

நார்மல் என்று ரிப்போர்ட் வந்தால்? சந்தோஷப்படுங்கள், அது உண்மையான நல்ல செய்தி. கண்ணுக்குத் தெரியாத சில செல்கள் எங்காவது இருக்கிறதா என்பதை எந்த ஸ்கேனும் சொல்லாது, சில மில்லிமீட்டராவது இருந்தால்தான் படத்தில் வரும். ஆகவே வலி நின்றுவிட்டால் விட்டுவிடலாம். நார்மல் வந்த பிறகும் அதே இடத்தில் வலி மூன்று நான்கு வாரம் நீடித்தால், அல்லது ஏறினால், ஸ்கேன்தான் நார்மலாச்சே என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருக்காதீர்கள். திரும்பிப் போய், "போன் ஸ்கேன் நார்மல் சார், ஆனா வலி ஏறிக்கிட்டே இருக்கு, இந்த இடத்துக்கு எம்ஆர்ஐ பார்க்கணுமா?" என்று காலண்டர் தாள்களை மேசையில் வைத்துவிட்டுக் கேளுங்கள். முடிந்தவரை அதே சென்டரில் எடுங்கள், பழைய படங்கள் பதிந்து கொடுத்த சிடி தட்டைக் கையோடு கொண்டுபோங்கள், ஒப்பிட்டுப் பார்க்க அதுதான் வேண்டும்.

பரவியிருக்கிறது என்றே வந்தாலும் அங்கே எல்லாம் முடிந்தது என்று வீடு அழுது ஓய்ந்துவிடக் கூடாது. எலும்புக்கு மட்டும் பரவிய மார்பக, பிராஸ்டேட் புற்றுநோயோடு மருந்து எடுத்துக்கொண்டு வருடக்கணக்காக வாழ்கிறவர்கள் நிறையப் பேர். வலிக்கிற இடத்துக்குக் கரண்ட் வைப்பார்கள், பலருக்கு ஒரே ஒரு தடவை வைத்தாலே வலி நன்றாகக் குறைகிறது. எலும்பு ஒடியாமல் இருக்க சோலெட்ரானிக் ஆசிடோ டெனோசுமாப்போ போடுவார்கள், அதற்கு முன் பல் டாக்டரைப் பார்த்துச் சொத்தைப் பல்லை எல்லாம் சரிசெய்துவிட வேண்டும், ஊசி தொடங்கிய பிறகு பல் பிடுங்கினால் தாடை எலும்பு ஆறாமல் போகலாம்.

ரிப்போர்ட் வரும்வரை காத்திருக்கிற நாட்களுக்கு எங்கள் வீட்டில் இப்போது சில பழக்கங்கள் உண்டு. டாக்டரைப் பார்க்கிற நாளுக்கு முந்தின நாள்தான் ரிப்போர்ட் வாங்குவது, வாங்குவது நான், ராத்திரி எட்டு மணிக்கு மேல் யாரும் போனில் தேடுவதில்லை. "ஒண்ணும் இருக்காது" என்று அக்காவிடம் யாரும் சொல்வதில்லை. அந்த வார்த்தையைச் சொன்னால் தன் பயத்தை யாரும் கேட்க விரும்பவில்லை என்று தோன்றுகிறதாம், அவளே சொன்னாள். "பயமா இருக்குல்லக்கா, எனக்கும்தான்" என்று சொல்லிவிட்டுப் பக்கத்தில் பாயைப் போட்டுக்கொள்கிறேன். டாக்டர் அறைக்குள் போகும்போது ஒரு தாளில் ஐந்து கேள்வி எழுதி எடுத்துக்கொண்டு போவோம்: இந்த ஸ்கேன் எதைப் பார்ப்பதற்காக எடுத்தது, அந்தக் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டதா, இதில் தெரியாமல் போகக்கூடியது எது, அடுத்து எப்போது எதைப் பார்ப்போம், இடையில் வலி கூடினால் ராத்திரியில் எந்த நம்பருக்குப் போன் செய்வது. கடைசிக் கேள்விக்கான பதிலைப் பெரிய எழுத்தில் எழுதி, பிரிட்ஜ் கதவில் ஒட்டிவைத்திருக்கிறோம்.